எண்ணாமல் விட்ட ஒயர்

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மகள் ஒரு தாளை ஒட்டியிருந்தாள். பச்சை மையில் ஏழு கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் நீல மையில் பதில். லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பதில்கள் வேறு யாரோ ஒரு கெட்டிக்காரன் சொல்வதுபோல் இருந்தன. பத்தரை மணிக்கு வேலைக்கான நேர்காணல். நேரில் அல்ல, போனில்.

“போன்லன்னா நல்லதாப் போச்சு,” என்றாள் மனைவி. தையல் கூடத்துக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “உங்க மூஞ்சியப் பாத்தா கேள்வி கேக்கறவங்களே பயந்துடுவாங்க. குரல் மட்டும்னா எப்படியாவது சமாளிச்சுடலாம்.”

“குரலும் மூஞ்சி மாதிரிதாம்மா இருக்கு,” என்றாள் மகள். கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, ஆசிரியை மாதிரி கையில் பேனாவோடு நின்றாள். “அப்பா, கடைசியா ஒரு தடவை. உங்களைப் பத்திச் சொல்லுங்க சார்.”

“என்னைப் பத்தி என்ன இருக்கு?”

“போச்சு! முதல் கேள்வியிலயே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“வீட்லதானே இருக்கேன்.”

மனைவி சிரித்துவிட்டாள். வாசலைத் தாண்டியவள் திரும்பி வந்து, அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். போனில் காலர் தெரியாது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் யோசிக்கவில்லை. “கிடைச்சுடும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கிடைத்தே ஆகவேண்டிய நிலைதான். வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நாற்பத்தேழு வயதுக்காரரை யாரும் வலிய வந்து கூப்பிடுவதில்லை. மகள் கம்ப்யூட்டரில் பதினோரு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டதில் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் பதில் வந்தது. ஒரு கட்டடத்தின் நிர்வாக அலுவலகம். சொந்தமாக ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை வைத்துக்கொள்ளப் போகிறார்கள். பகல் வேலை, ஒரே இடம், வாரம் ஒருநாள் விடுப்பு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இந்தத் தொழிலுக்குள் வந்தது இரும்புத் தண்டவாளம் சுமக்கிற கூலியாக. லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் அந்தத் தண்டவாளங்களை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். அவர் போகாமல் நின்று பார்த்தார். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றார். கற்றதைச் சின்ன நோட்டில் படமாக வரைந்து வைத்தார். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். ஒரு சின்ன பராமரிப்புக் கம்பெனியில் சேர்ந்து, அது இழுத்து மூடப்பட்ட நாள்வரை அங்கேயே இருந்தார்.

கம்பெனியில் அவருக்குப் பெயர் ‘எண்ணிக்கை மாஸ்டர்.’ எதையும் எண்ணாமல் விடமாட்டார். “பாப்பா பொறந்தப்போ முதல்ல விரலைத்தான் எண்ணினாரு,” என்று மனைவி பத்துப் பேர் கூடின இடத்தில் சொல்லுவாள். “பத்தும் இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் பொண்ணா பையனான்னே கேட்டாரு.”

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஐந்து ஒயர்கள்.

லிஃப்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த மாடியிலாவது கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தாலும் அது நகராது. ஒவ்வொரு மாடிக் கதவின் தலைமேலும் ஒரு சின்ன விசை இருக்கிறது. எல்லா விசையும் ‘மூடியாச்சு’ என்று சொன்னால்தான் மோட்டார் ஓடும். கதவைப் பழுது பார்ப்பவனுக்கு இந்தப் பிடிவாதம் இடைஞ்சல். கதவைத் திறந்து வைத்தபடியே லிஃப்டை அரை அடி மேலே, அரை அடி கீழே நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் ஒயர். இரண்டு முனையிலும் கவ்வி வைத்த ஒரு முழ நீள ஒயரைக் கன்ட்ரோல் பெட்டிக்குள் இரண்டு இடத்தில் கவ்விவிட்டால், கதவெல்லாம் மூடியிருப்பதாக லிஃப்ட் நம்பிவிடும். வேலை முடிந்ததும் ஒயரை எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லையென்றால் லிஃப்ட் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டே ஓடும்.

அதனால் அவர்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒயர் சிவப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எண் பொறித்த தகர வில்லை தொங்க வேண்டும். கட்டடத்தை விட்டுக் கிளம்புமுன் ஒயர்களை எண்ணி, எண்ணிக்கையை வாய்விட்டு யாரிடமாவது சொல்ல வேண்டும். காவலாளியாக இருந்தாலும் சரி, கூட்டுகிற அம்மாவாக இருந்தாலும் சரி. “அஞ்சு,” என்பார் மெக்கானிக். எதற்கென்று தெரியாமலே அவர்களும் பழக்கத்தில் “அஞ்சு” என்பார்கள்.

பத்தரைக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே போன் அடித்தது. மகள் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டு, சுவருக்குப் பக்கத்தில் போய்த் தாளின் முதல் கேள்வியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“வணக்கம் சார். நிர்வாக அலுவலகத்துலேருந்து பேசறேன்.” ஒரு பெண்ணின் குரல். நிதானமான, களைத்த குரல். “எங்க முதலாளியும் லைன்ல இருக்காரு. அவர் கேட்டுட்டு இருப்பாரு, நான்தான் பேசுவேன்.”

முதலாளி ஒருமுறை செருமினார். அதோடு சரி.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க சார்.”

மகளின் விரல் வரிக்கு வரி நகர்ந்தது. மெக்கானிக் படித்தார். பொறுப்புணர்வு, நேரம் தவறாமை, பாதுகாப்பே முதன்மை. பாதியில் மூச்சு வாங்கியது. மறுமுனையில் அந்தப் பெண், “மெதுவாப் படிங்க சார், அவசரமில்லை,” என்றாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“பழைய வேலையை ஏன் விட்டீங்க?”

“நான் விடலைங்க. அதுதான் விட்டுருச்சு. கம்பெனியையே மூடிட்டாங்க.”

“அது தெரியும். எங்க லிஃப்டையும் உங்க கம்பெனிதான் பாத்துட்டு இருந்துச்சு.” காகிதம் புரளும் சத்தம். “மோட்டார் ரூம்ல ஒட்டியிருக்கற அட்டையில கடைசியாக் கையெழுத்துப் போட்டிருக்கறது நீங்க. விண்ணப்பத்துல அதே பேரு, அதே கையெழுத்து. அதனாலதான் சார் வேற யாரையும் கூப்பிடாம உங்களைக் கூப்பிட்டோம்.”

மகள் இரண்டு கைகளையும் தூக்கி ஓசையில்லாமல் குதித்தாள். மெக்கானிக்குக் கட்டடம் உடனே கண்முன் வந்துவிட்டது. ஆறு மாடி. ஆறாவதில் நிர்வாக அலுவலகம், அதற்கு மேலே மோட்டார் அறை. மூன்றாவது மாடியில் கண் மருத்துவமனை. அவர் கடைசியாக வேலை பார்த்த கட்டடம் அதுதான்.

“சும்மா சொல்லக்கூடாது சார்,” என்றாள் அவள். “நீங்க பாத்துட்டுப் போனதுக்கு முன்னாடி வாரத்துக்கு நாலு தடவை சிக்கும். மூணாவது மாடிக்கு வந்தா கதவு மூடாது, லிஃப்ட் அப்படியே நின்னுடும். நீங்க கை வச்சதுலேருந்து இந்த மூணு வாரத்துல ஒருதடவை கூட நிக்கலை. முதலாளியே கேட்டாரு, யாருய்யா அந்தக் கைராசிக்காரன்னு.”

மகள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அவரும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது மாடிக் கதவை அவர் சரி செய்யவே இல்லை. கதவு வழுக்கி ஓடுகிற அதன் அடிக்கட்டை தேய்ந்துபோயிருந்தது. புதுக் கட்டை கைவசம் இல்லாததால் மறுநாள் வருவதாக இருந்தார். பிறகு எப்படி அந்த லிஃப்ட் நிற்காமல் ஓடுகிறது?

“சார்? இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. அந்த மூணாவது மாடிக் கதவு... இப்போ நல்லா மூடுதா?”

“அது முன்ன மாதிரிதான், இழுத்து இழுத்து மூடும். ஆனா லிஃப்ட் அதுக்காக நிக்கறதில்லை, போயிடுது. அதானே வேணும்.” அவள் அடுத்த காகிதத்தைப் புரட்டினாள். “சின்னச் சின்ன வேலையெல்லாம் பாப்பீங்களான்னு ஒரு கேள்வி இருக்கு. பல்பு மாத்தறது, அடிக்குழி சுத்தம் பண்றது. போன வாரம் ஒரு பெரியவரோட செருப்பு உள்ள விழுந்துடுச்சு. கண்ணுல சொட்டு மருந்து விட்டுட்டு வந்தவரு, தடுமாறியிருக்காரு. அந்த மாதிரி எதையாவது எடுக்கணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?”

மாடித் தரைக்கும் லிஃப்டின் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அதில் சாவி விழும், சில்லறை விழும். ஒருதடவை ஒரு பெண்மணியின் தோடு விழுந்து அவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். செருப்பு விழாது. செருப்பு விழ வேண்டுமென்றால் அங்கே லிஃப்டே இருந்திருக்கக்கூடாது. கதவு திறந்திருக்க, அதற்குப் பின்னால் வெறும் குழி இருந்திருக்க வேண்டும்.

அவர் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் முட்டி போட்டார்.

“அப்பா!” என்று மகள் வாயசைத்தாள்.

கட்டிலுக்கு அடியில் கருவிப் பை கிடந்தது. மூன்று வாரமாக அவர் அதைத் தொடவில்லை. தொட்டால் வேலை போனது உறுதியாகிவிடும் என்பதுபோல ஒரு தயக்கம். தூசி படிந்த பையை இழுத்து, மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில் வரிசையாக ஐந்து கொக்கிகள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு கொக்கி காலி. ஐந்து.

“அரைமணி நேரம்,” என்றார் போனைப் பார்த்து. தன் குரல் தனக்கே எட்டத்திலிருந்து கேட்டது. “செருப்பு எடுக்க அரைமணி நேரம் ஆகும்மா.”

நான்காம் எண் இல்லை. பையைக் கவிழ்த்தார். திருப்புளி, குறடு, எண்ணெய்த் துணி, நோட்டுப் புத்தகம் எல்லாம் விழுந்தன. நான்காம் எண் விழவில்லை.

அந்த நாள் இப்போது துளித் துளியாக நினைவுக்கு வந்தது. கன்ட்ரோல் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வேலையில் இருக்கும்போது அவர் போனை எடுப்பதில்லை. அன்று விடாமல் மூன்றாவது முறையாக அடித்ததால் எடுத்தார். “எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வாங்க. இன்னும் ஒருமணி நேரத்துல ஆபீசைப் பூட்டப் போறாங்க. சாவியெல்லாம் ஒப்படைக்கணும்,” என்றது கம்பெனி. ஒரு கை போனில் இருந்தது. மற்றக் கையால் பெட்டியை மூடினார், அட்டையில் கையெழுத்துப் போட்டார், மெயின் சுவிட்சை ஏற்றினார். எண்ணுவதற்கு இரண்டு கையும் வேண்டும்.

மகள் அவருக்கு எதிரில் உட்கார்ந்து காலிக் கொக்கியைப் பார்த்தாள். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. எண் கற்றுக்கொண்டதே அந்தத் தகர வில்லைகளை வைத்துத்தான். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு ஒவ்வோர் இழையாகக் கழன்றது.

“அடுத்த கேள்வி சார்,” என்றது போன். “இந்த வேலையில நீங்க பண்ணின தப்பு ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. அதை எப்படிச் சரி பண்ணினீங்க?”

தாளில் அது ஐந்தாவது கேள்வி. நீல மையில் பதில் தயாராக இருந்தது: ‘சின்னதாக ஒரு தப்பு. உடனே திருத்திவிட்டேன் என்று முடிக்கவும்.’

மகள் கருவிகளுக்கு நடுவில் கிடந்த நோட்டைப் பிடுங்கி ஒரு பக்கத்தில் அவசரமாக எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். *இப்ப சொல்லாதீங்க. வேலை கிடைக்கட்டும். நீங்களே போய் எடுத்துடலாம். யாருக்கும் தெரியாது.*

தப்பான யோசனை என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் வேலை போகும். வேலையோடு லைசென்ஸும் போகும். லைசென்ஸ் போனால் இனி எந்த ஊர் லிஃப்டிலும் அவர் கை வைக்க முடியாது. சொல்லாவிட்டால் ஒரு முழ ஒயரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். கைராசிக்காரர் என்ற பெயரும் நிலைக்கும்.

“அம்மா,” என்றார். “நான் இன்னிக்கே வந்து லிஃப்டை ஒருதடவை பாத்துடட்டுமா? இப்பவே கிளம்பினா முக்கால் மணி நேரத்துல வந்துடுவேன்.”

“தப்பு என்னன்னு கேட்டா நீங்க லிஃப்டைப் பாக்கறேங்கறீங்க!” அவள் முதன்முறையாகச் சிரித்தாள். “ஆர்வம் புரியுது சார். ஆனா வேலை உத்தரவு கையில இல்லாம யாரையும் மோட்டார் ரூமுக்குள்ள விட முடியாது. திங்கட்கிழமை வந்து சேருங்க. இன்னும் நாலு நாள்தானே.”

மகள் நோட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மூணாவது மாடிக் கதவு,” என்றார் அவர். “இழுத்து மூடும்னீங்களே, கடைசியில எவ்வளவு திறந்து நிக்கும்? விரல் அளவா, கை அளவா?”

“அது முந்தி. நேத்துலேருந்து மூடறதே இல்லையாம். காவலாளி காலையில சொன்னாரு. நீங்க வந்ததும் முதல் வேலையா...”

“கண் மருத்துவமனை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?”

“பதினொண்ணுக்கு. ஏன் சார்?”

சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பத்தாறு. போனுக்குள், எங்கோ அவள் தலைக்கு மேலே, ‘டொப்’ என்று ஒரு பெரிய விசை விழும் சத்தமும் மோட்டார் இழுக்கும் முனகலும் கேட்டன. யாரோ லிஃப்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது எந்தக் கதவையும் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் மகளின் கையிலிருந்து நோட்டை மெல்ல வாங்கித் தரையில் கவிழ்த்து வைத்தார்.

“தப்பு கேட்டீங்கல்லம்மா. சொல்றேன். உங்க லிஃப்ட் நிக்காம ஓடறதுக்குக் கைராசி காரணம் இல்லை. கதவு மூடாட்டியும் ஓடற மாதிரி நான் உள்ள ஒரு ஒயரை மாட்டினேன். பழுது பாக்கறதுக்காக மாட்டினது. எடுக்காமப் போயிட்டேன். அந்தப் பெரியவர் தடுமாறலை. கதவு திறந்திருந்துச்சு, லிஃப்ட் இல்லை. அவரு குழியில கால் வச்சிருக்காரு.”

மறுமுனையில் காகிதச் சத்தம் நின்றது.

“இப்போ நான் சொல்றதைச் செய்ங்க. முதல்ல மூணாவது மாடிக் கதவுகிட்ட காவலாளியை நிறுத்துங்க, யாரையும் பக்கத்துல விடக்கூடாது. அப்புறம் நீங்க மேல போங்க. மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னாடி, இடது கைப்பக்கம், சிவப்புப் பிடி போட்ட பெரிய சுவிட்ச். கீழ இழுங்க. லிஃப்டுக்குள்ள ஆள் இருந்தா சிக்கிப்பாங்க, பரவாயில்லை. சிக்கினவங்களை வெளிய எடுத்துடலாம்.”

“சார், முதலாளி...” என்று அவள் இழுத்தாள்.

“முதலாளியை அப்புறம் கேளுங்கம்மா. போங்க!”

நாற்காலி உரசியது. செருப்புச் சத்தம் ஓடி, தேய்ந்து, நின்றது. மோட்டார் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. மகள் அவர் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் முதலாளி பேசினார். மெதுவான குரல், கோபம் கூட இல்லை.

“இந்தப் பேச்செல்லாம் பதிவாயிட்டு இருக்கு. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாதுங்க.”

“இப்ப தெரியும்ல. இன்னொரு தடவை தெளிவாச் சொல்லுங்க. ஒயரை மாட்டினது யாரு?”

“நான்தான்.”

“எடுக்காமப் போனது?”

“நான்தாங்க.”

“எங்க ஆளுங்க யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லை?”

“இல்லைங்க. வேற யாருக்கும் இல்லை.”

“நல்லது,” என்றார் முதலாளி. அந்த ‘நல்லது’வில் மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மோட்டார் நின்றது. வழக்கமாக நிற்கும்போது கேட்கும் அந்த மெத்தென்ற சத்தம் இல்லாமல், கழுத்தைப் பிடித்ததுபோல் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். “இறக்கிட்டேன் சார். உள்ள ஆள் யாரும் இல்லை. காவலாளி மூணாவதுல நிக்கறாரு.” நாற்காலியில் விழுந்தவள், என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்திருப்பாள். அதில் எழுதியிருந்ததே வாயில் வந்தது. “எங்ககிட்ட... உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா சார்?”

ஏழாவது கேள்வி. தாளில் அதற்குக் கீழே மட்டும் பதில் இல்லை. ‘கட்டாயம் ஏதாவது கேட்கவும்’ என்று மகள் எழுதியிருந்தாள்.

“அந்தப் பெரியவரு,” என்றார் மெக்கானிக். “திரும்ப எப்ப வருவாரு?”

“வாரா வாரம் வியாழக்கிழமை வருவாரு,” என்றாள். சொன்ன பிறகுதான் அன்றைக்கு என்ன கிழமை என்பது அவளுக்கும் உறைத்தது. “இன்னிக்கு வருவாரு சார்.”

“வந்து நில்லுங்க,” என்றார் முதலாளி குறுக்கிட்டு. “லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லப் போறேன். அவரு வர்றப்போ நீங்க இருக்கணும்.”

*

கட்டடத்தின் வாசலில் மெக்கானிக்கை யாரும் தடுக்கவில்லை. மோட்டார் அறையைத் திறந்து வைத்திருந்தார்கள். கன்ட்ரோல் பெட்டியைத் திறந்ததும் சிவப்பு ஒயர் கண்ணில் பட்டது. அதை ஒளித்து வைக்கவா சிவப்பில் செய்தார்? தகர வில்லையில் ‘4’ பளிச்சென்று இருந்தது. இரண்டு கவ்விகளையும் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, ஆறு மாடியும் படியிறங்கி அடிக்குழிக்குப் போனார். டார்ச் வெளிச்சத்தில், எண்ணெய்ப் பிசுக்கில், ஒற்றைச் செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்து, ஒரு வார் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது. அவர் எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்தார்.

மூன்றாவது மாடியில் காவலாளி நாற்காலியைத் திறந்த கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஆள் அகலத்துக்கு இருட்டு நின்றது. மருத்துவமனையிலிருந்து வருகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுவரைத் தடவியபடி அந்த வெளிச்சமில்லாத பக்கமாகவே முதலில் திரும்பினார்கள். இத்தனை நாளாக லிஃப்ட் அங்கே இருந்ததல்லவா.

“இப்படி வாங்க, படி இந்தப் பக்கம்,” என்று காவலாளி ஒவ்வொருவரையும் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “அன்னிக்கு நீங்க அஞ்சு சொல்லாமப் போனீங்க மாஸ்டர்.”

“ஆமா.”

“நான் சொல்றதுக்கு வாயைத் திறந்துட்டு நின்னேன். நீங்க போன்ல பேசிட்டே போயிட்டீங்க. சரி, ஏதோ அவசரம்னு விட்டுட்டேன்.” “அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதே மாஸ்டர். தெரிஞ்சிருந்தா ஓடிவந்து கேட்டிருப்பேன்.”

மெக்கானிக் அவர் தோளைத் தொட்டார். இத்தனை வருஷமாக எத்தனையோ பேரை “அஞ்சு” என்று சொல்லவைத்திருக்கிறார். எதற்கென்று ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

பெரியவர் பன்னிரண்டு மணிக்கு வந்தார், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி. காலில் ரப்பர் செருப்பு, ஒரு அளவு பெரியது. மெக்கானிக் எதிரே போய்த் துடைத்த செருப்பை நீட்டினார்.

பெரியவர் அதை வாங்கித் தையல் போட்ட வாரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “என்னோடதுதான். எங்க கிடந்துச்சு?”

“அடிக்குழியிலங்க. அன்னிக்கு நீங்க கால் வச்சப்போ லிஃப்ட் அங்க இல்லை. என்னோட தப்பு அது. நான்தான் பழுது பாத்தேன்.”

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார். பார்வை அவருடைய முகத்தில் நிற்காமல் காதோரமாக எங்கோ நின்றது. “அப்போ நான் சொன்னது நெஜம்தானே?”

“நெஜம்தாங்க.”

“கேட்டுக்கோம்மா,” என்றார் மருமகளிடம். “கதவுக் கட்டையைப் பிடிச்சுத் தொங்கினேன்னு சொன்னப்போ, கண்ணு போச்சு, புத்தியும் போச்சுன்னு சொன்னீங்க. ஒரு வாரமா என்னைத் தனியா வாசல் தாண்ட விடலை.” பிறகு மெக்கானிக்கிடம், மெதுவாக: “ஒரு வாரமா எனக்கே சந்தேகமாப் போச்சுப்பா. தூங்கினா அந்தக் குழிதான் வருது. கால் வைக்கிறேன், அடியே இல்லை.”

மருமகள் மெக்கானிக்கையும் காவலாளிக்குப் பின்னால் இருந்த இருட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மாமனாரின் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். முதலாளி கூடவே வந்து, போனில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். மெக்கானிக்கின் குரல் இரண்டுமுறை “நான்தான்” என்றது. இன்ஸ்பெக்டர் லைசென்ஸைக் கேட்டார். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் கோப்புக்குள் வைத்து, கோப்பை மூடி, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். நிர்வாக அலுவலகப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். போனில் அத்தனை நேரம் பேசிய இருவரும் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினாள்.

“உக்காருங்க,” என்றார் இன்ஸ்பெக்டர், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே. “முதல்ல உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

சுவரில் தாள் இல்லை. மெக்கானிக் பையின் மூடியைத் திறந்து, நான்காவது கொக்கியில் ஒயரை மாட்டினார். ஒன்றிலிருந்து ஐந்துவரை விரல் வைத்து எண்ணினார். கதவோரம் நின்ற காவலாளியின் உதடு தன்னையறியாமல் அசைந்தது.

“லிஃப்ட் மெக்கானிக்குங்க,” என்றார். “இருபத்திரண்டு வருஷம். அதுல ஒரு நாள் எண்ணலை.”